முகம் மட்டும் லட்சணம்

என் முகத்தைப் பாராட்டாதவர்கள் நல்லூரில் யாரும் கிடையாது. அப்படியே மகாலட்சுமி என்பார்கள். கழுத்துக்குக் கீழே வரும்போதுதான் அவர்களுக்குத் துக்கம் ஆரம்பிக்கும். "மூஞ்சி அத்தன களையா இருக்குது கண்ணு, இந்த ஒடம்ப மட்டும் கொஞ்சம் கொறச்சீன்னா..." என்று இழுத்து, ஒரு பெருமூச்சு விட்டு, எழவு வீட்டில் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சின்ன வயதில் அதைப் பாராட்டு என்றே நம்பி அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஊர்ப் பாராட்டைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கடிக்க வேண்டும். எங்கேயாவது ஒரு கல் கிடக்கும்.

உடம்போடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. "கருப்பா இருந்தாலும் களை" என்பது தனி. "தமிழ் மீடியத்துல படிச்சுப்போட்டா இப்படி இங்கிலீசு பேசறீங்க?" என்பது தனி. நான் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்காமல் நின்றால், "இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு எத்தன சுறுசுறுப்பு பாருங்க" என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பொம்பளையா இருந்தும் கணக்குல புலிங்க நீங்க" என்று ஒரு மேனேஜர் சொன்னபோது, "ஆம்பளையா இருந்தும் நீங்ககூட நேரத்துக்கு வேலைக்கு வர்றீங்களே சார்" என்றேன். அவர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அவரை என்ன செய்ய முடியும்?

வேலம்பாளையம் பக்கம் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. எனக்கு அது பிடிக்கும். கொஞ்ச காலம் முன்பு, பெரிய உடம்புக்காரப் பெண்களுக்கான மேல்சட்டை ஆர்டர் ஒன்று வந்தது. எங்கள் கம்பெனிக்கு அந்த ரகம் புதிது. சாம்பிளைப் பொம்மைக்குப் போட்டுக் காட்டினால் போதாது, அந்த அளவில் உயிருள்ள ஒரு பெண் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், நாங்கள் வீடியோவில் பார்ப்போம் என்று பையர் சொல்லிவிட்டார். அப்படி நிற்கிறவருக்கு ஃபிட் மாடல் என்று பெயர். தையல் பிரிவு முழுக்கத் தேடினார்கள். எல்லாரும் கரும்புச் சக்கை மாதிரி இருந்தார்கள். கடைசியில், துணி வெட்ட அளவு வரைந்து கொடுக்கிற பேட்டர்ன் மாஸ்டர், கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, என் மேஜைக்கு வந்து வேர்க்க வேர்க்க நின்றார்.

"ஏனுங் மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க..."

"அளவெடுக்கணும், அதானுங்க?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்தார்.

செக்கிங் பிரிவு அக்கா ஒருவர் எனக்கு அளவெடுத்தார். மார்பு, இடுப்பு, தொடை, புஜம் என்று எதை எடுத்தாலும் பையர் அனுப்பிய அளவோடு அப்படியே பொருந்தியது. ஏதோ அந்தக் கம்பெனிக்காரர்கள் என்னை நிற்க வைத்துத்தான் அந்த அளவையே எழுதியதுபோல இருந்தது. எங்கள் எம்.டி. சந்தோஷம் தாங்காமல் எழுந்து நின்றுவிட்டார். "நம்ம கம்பெனிக்குச் சொத்தே நீங்கதானுங்க! இந்த ஒடம்பு மட்டும் இல்லீன்னா ஆர்டர் கைய உட்டுப் போயிருக்கும்!" என்றார். அந்த ஆர்டரைப் பேசிப் பேசிக் கொண்டுவந்தது என் மூளை. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. ஆனாலும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் கழுத்துக்குக் கீழே பாராட்டுகிறார், முகத்தை மறந்துவிட்டார்.

முதல் வீடியோ கூட்டத்தில் சாம்பிளை மாட்டிக்கொண்டு நடுவில் நின்றேன். சுற்றி ஆண்கள். ஒருவர் என் தோளைக் காட்டி இங்கே அரை இஞ்சு என்கிறார், இன்னொருவர் வயிற்றைக் காட்டித் தலையை ஆட்டுகிறார். திரையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போட்டிருக்கிறவருக்கு எப்படி இருக்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டார். எல்லாரும் பேட்டர்ன் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கேள்வி எனக்கு. நான் சொன்னேன், நிற்கும்போது நன்றாக இருக்கிறது, கையைத் தூக்கினால் சட்டை முழுக்கக் கையோடு மேலே ஏறுகிறது என்று. தூக்கியும் காட்டினேன். சட்டை ஏறியது. கை பூட்டுகிற அக்குள் வளைவை நீங்கள் கீழே இறக்கி வெட்டியிருக்கிறீர்கள், குண்டுப் பெண் என்றால் எல்லாவற்றையும் பெரிதாக்கினால் போதும் என்று நினைக்கிறீர்கள், எங்களுக்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். துணிக்கடைக் கண்ணாடி முன்னால் இத்தனை வருஷம் உள்ளுக்குள் புழுங்கியதெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. அந்தப் பெண்மணி கை தட்டினார்.

"டம்மி பேசும்னு தெரியாமப் போச்சுங்களே" என்றார் பேட்டர்ன் மாஸ்டர், கூட்டம் முடிந்ததும். நான் முறைத்தேன். அவர் காதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம். இன்னும் எங்கெங்க புடிக்குதுன்னு சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டு.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை வந்தார். காங்கேயம் ரோட்டில் எம்பிராய்டரி மெஷின்கள் வைத்து ஓட்டுகிறவர். ஆள் ஒல்லி, விளக்குமாற்றுக்குச் சட்டை போட்டது மாதிரி. பெண் பார்க்க வந்த இடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எங்கள் சோபா உறையைத் திருப்பி, பின்பக்கத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் திடுக்கிட்டு உறையை விட்டுவிட்டுத் தானும் சிரித்தார். அவ்வளவுதான், எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

அவருடைய அம்மா என்னுடைய தினுசு. கனத்த உடம்பு. அத்தனை பெரிய சோபாவில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, யாருடைய இடத்தையும் அடைத்துவிடக் கூடாது என்பதுபோல உட்கார்ந்திருந்தார். காபியைக் குடித்து முடித்து அவர்தான் பேசினார்.

"புள்ள மூஞ்சி அத்தன லட்சணமுங்க. எங்களுக்கு முழுச் சம்மதம். நிச்சயத்துக்குள்ளார ஒரு பத்துக் கிலோ மட்டும் கொறச்சுப்போட்டா ஜோடிப் பொருத்தமும் அமஞ்சுருமுங்க."

என் அம்மா வேகமாகத் தலையாட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. வேறு இடமாக இருந்தால் அங்கேயே இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பிடித்திருக்கிறதா, பத்துக் கிலோ கழித்தபின் மிச்சம் இருக்கப்போகிறவளைப் பிடித்திருக்கிறதா? அந்தத் தரையிடமிருந்து எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

எனக்குத்தான் அவரைப் பிடித்துத் தொலைத்துவிட்டதே, அதனால் இளைக்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் கொள்ளு ராஜ்ஜியம் தொடங்கியது. காலையில் கொள்ளுக் கஞ்சி, மத்தியானம் கொள்ளு ரசம், ராத்திரி கொள்ளுச் சுண்டல். விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் நடை. அம்மா காவலுக்கு வருவார். நான் நடக்க, அவர் திட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரிடம், "நெம்ப நல்ல எடமுங்க" என்று பேசிக்கொண்டிருப்பார். ஏழு கிலோ குறைந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை, அவர்களாகக் கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று ஒரு ஆசை.

கண்டுபிடித்தார்கள். ஆர்டரின் கடைசி சாம்பிள் வந்த அன்று, பேட்டர்ன் மாஸ்டர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் வெளுத்துவிட்டது. சட்டை என் மேல் தொளதொளவென்று தொங்கியது. "எங்கயோ தப்புப் பண்ணிப்போட்டனுங்க. பேட்டர்ன் பெருசாயிருச்சு" என்று குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு பக்கமும் மடித்துக் குத்த ஆரம்பித்தார். உடனே பேட்டர்னைச் சின்னதாக்கி, கட்டிங்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் எம்.டி.

"பேட்டர்ன் சரியாத்தானுங்க இருக்குது" என்றேன். பெருமையில் எனக்குக் குரலே மாறிவிட்டது. "நாந்தான் கொறஞ்சுட்டேன். ஏழு கிலோ!"

ஒரு பெண் இந்த ஊரில் ஏழு கிலோ இளைத்துவிட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இனிப்பு கேட்பார்கள், ரகசியம் கேட்பார்கள். அங்கே அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டன. பேட்டர்ன் மாஸ்டர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். எம்.டி. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? உங்குளுக்கு நாங்க என்னங்க கொற வெச்சோம்?"

அன்றைக்கு நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால், பெரிய உடம்புக்காரர்களுக்கு என்று பெயர் போட்டு, இளைத்த என் அளவுக்குச் சட்டைகள் வெட்டப்பட்டுக் கப்பல் ஏறியிருக்கும். அங்கே ஏதோ ஒரு ஊரில் ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்று, நான்தான் இன்னும் பெருத்துவிட்டேன் போலிருக்கிறது என்று அழுதிருப்பாள். வேறு ஃபிட் மாடலைத் தேடி, பையரிடம் மறுபடி ஒப்புதல் வாங்க நேரம் இல்லை. பழைய உடம்பு திரும்ப வந்தால்தான் கடைசி சாம்பிளுக்குப் பையரின் கையெழுத்து. "கல்யாணத்தயெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க, மொதல்ல சாப்புடுங்க" என்றார் எம்.டி.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கம்பெனி முழுக்க எனக்கு ஊட்டியது. கேன்டீன் அக்கா தோசைக்கு நெய்யை ஊற்றினார், தடவவில்லை. பேட்டர்ன் மாஸ்டர் வீட்டிலிருந்து தினமும் ஒரு டப்பா பணியாரம் வந்தது, அவர் மனைவி விடியற்காலையில் எழுந்து சுட்டது. அயர்ன் போடுகிற பீகார்க்காரர் ஊரிலிருந்து வந்த இனிப்பை நீட்டி, "காவோ தீதி, காவோ" என்று பக்கத்திலேயே நின்றார், தின்று முடித்தால்தான் போவார். என் தட்டு காலியாக இருக்கிறதே என்று மனிதர்கள் கவலைப்பட்டதை அப்போதுதான் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் ஆனந்தமாகச் சாப்பிட்டேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் கொள்ளு ரசம் ஆறிப்போய்க் காத்திருக்கும். "வேலைக்குப் போனா எல்லாரும் எளைப்பாங்க. ஒடம்ப ஏத்திக்கிட்டு வர்றவ நீ ஒருத்திதான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

நிச்சயம் நெருங்கிவிட்டது. ஒரே உடம்பு, வீட்டில் அது குற்றம், கம்பெனியில் அது சொத்து. இரண்டு இடத்திலும் அது என்னுடையது என்று யாருக்கும் நினைப்பில்லை. எனக்குக் கோபம் வந்தது. மாப்பிள்ளைக்கு போன் செய்து, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னேன்.

வந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"நான் கொறச்சதெல்லாம் மறுபடி ஏறிப்போச்சுங்க. இனிமே கொறைக்கறதா இல்ல. ஷிப்மென்ட் முடிஞ்சாலும் கொறைக்கறதா இல்ல. உங்குளுக்குப் புடிக்கலீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க."

அவர் தன் பைக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே எள்ளுருண்டை.

"எங்கம்மா தெனமும் குடுத்து உடறாங்க. அதுபோக அஞ்சு முட்ட, நாலு வாழப்பழம். நிச்சயத்துக்குள்ள பத்துக் கிலோ ஏத்தணுமாம். உங்க ஊட்ல தரகர்கிட்டச் சொல்லி உட்டீங்களாமா? மாப்பிள்ள நெம்ப நல்ல கொணம், கொஞ்சம் சதை மட்டும் போட்டா எடுப்பா இருப்பாருன்னு?"

"நானா?"

"உங்கம்மா."

அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "எளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு ரெண்டு அம்மாவும் பங்கு போட்டுக்கிட்டாங்க" என்றார் அவர். பேக்கரிக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும், அன்றைக்கு ஏன் தரையைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சிரிச்சீங்க பாருங்க, அப்பவே எனக்குப் புடிச்சுப்போச்சு. அம்மா அப்படிக் கேட்டதும் அவமானமா இருந்துச்சு. நாளைக்கே சொல்றனுங்க, எம்பட அம்மாகிட்ட. கொறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீன்னு."

அன்று ராத்திரி அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "தப்பா என்ன சொல்லிப்போட்டேன்? தங்கமான பையன்னுதாஞ் சொன்னேன். காத்தடிச்சாத் தூக்கிட்டுப் போயிருமோன்னு ஒரு வார்த்த கூடச் சொன்னேன், அது ஒரு குத்தமா?" என்றார் அம்மா. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

மாப்பிள்ளை சொன்னபடி செய்தார். அவர் அம்மாவிடமிருந்து தரகர் மூலமாக ஒரே ஒரு வரிதான் வந்தது: "நிச்சயத்தன்னிக்குப் பாத்துக்கலாமுங்க." அதற்கு என்ன அர்த்தம் என்று தரகருக்கும் தெரியவில்லை. என் அம்மா அடுக்களையில் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். வெளியே வீராப்பாகத் திரிந்தாலும் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த மனிதரை இழக்க எனக்கு மனமில்லை.

கடைசி சாம்பிளுக்கு ஒப்புதல் வந்த வாரத்திலேயே நிச்சயமும் வந்தது. மண்டபத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் நிறைந்திருந்தது. பெண்ணுக்குப் பூ வைக்க மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டார்கள். புதுப் பட்டு, புது ரவிக்கை, இறுகிய முகம். என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். மேடைமேல் நான் நெட்டையாக நின்றேன், அவர் குள்ளம். மல்லிகைச் சரத்தை எடுத்துக் கையை உயர்த்தினார். தோள்வரைக்கும் வந்த கை அப்படியே நின்றுவிட்டது. மெல்லக் கீழே இறங்கியது.

மண்டபத்தில் பேச்சு நின்றது. என் அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மாப்பிள்ளை "அம்மா" என்று ஒரு அடி முன்னால் வந்தார். மறுபடி கை உயர்ந்தது, மறுபடி தோளோடு நின்றது. முதல் தடவை, பூ வைக்க மறுக்கிறார் என்றுதான் எனக்கும் பட்டது. இரண்டாம் தடவைதான் நான் அவர் முகத்தை விட்டுவிட்டு ரவிக்கையைப் பார்த்தேன். கை ஏற ஏற ரவிக்கை முழுக்க அதோடு ஏறி, அக்குளில் வெட்டுகிற மாதிரி இறுகியது. அவர் மறுக்கவில்லை. ரவிக்கைதான் விடவில்லை.

நான் சட்டென்று திரும்பி, பட்டுப்புடவையோடு அவர் காலடியில் உட்கார்ந்தேன். இப்போது என் தலை அவர் கைக்கு எட்டியது. குனிந்து பூவை வைத்தபடி, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மன்னிச்சுக்க கண்ணு. கை தூக்க முடியல. இந்தப் பாழாப்போன ஒடம்புக்கு எதத் தெச்சாலும் பொருந்தறதில்ல."

"ஒடம்பு சரியாத்தானுங்க இருக்குது அத்தை" என்றேன். "கை வளைவ ரொம்ப எறக்கி வெட்டிப்போட்டாங்க. தையக்காரர் தப்பு அது."

அவர் கை என் தலைமேல் நின்றது.

"நெசமாலுமா?"

"சத்தியமாங்க. இது எம்பட வேலையே."

"இத்தன வருசமும் எம்மேலதான் தப்புன்னு நெனச்சுட்டு இருந்தனே, சாமி" என்றார். அவர் குரல் உடைந்தது, உடனே அதே குரலில் சிரிக்கவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு மண்டபத்துக்கு மூச்சு திரும்பியது.

நான் எழுந்து நின்றேன். பூச்சரம் ஒரு பக்கமாகச் சரிந்து கோணலாக இருந்திருக்க வேண்டும். அதைச் சரிபண்ண அம்மா ஓடி வந்தார். அத்தை குறுக்கே கையை நீட்டி அம்மாவை நிறுத்தினார்.

"இருக்கட்டுமுங்க. புள்ள நெம்ப அழகா இருக்கறா."

அதற்கு மேல் என்ன சொல்லப்போகிறார் என்று வழக்கம்போல நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் சொல்லி முடித்துவிட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.